ஐந்து பட்டனுக்குக் காத்து நின்ற சூரியன்

தொம்மையார்துறையில் ஒரு பிள்ளை சட்டை போட்டு முடிக்கும்வரைக்கும் சூரியன் கடலில் இறங்காமல் காத்து நின்றது எந்த வருசம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருசம் சொல்லுவார்கள். சாளை மீன் மலிந்துபோய் நாய்கூடத் திரும்பிப் பார்க்காத வருசம் என்பான் ஒருத்தன், கோயில் கோபுரத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்து ஊரே முகம் சுளித்த வருசம் என்பாள் இன்னொருத்தி. ஆனால் அந்தப் பிள்ளை யார், அதன் தாய் யார், சட்டையில் எத்தனை பட்டன் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தர் வாயிலும் மாற்றுப் பேச்சு வராது. பிள்ளை பவுலின். தாய் வியாகுலமேரி. பட்டன் ஐந்து.

வியாகுலம் என்றால் துயரம் என்று அர்த்தம். வியாகுல மாதா திருநாளில் பிறந்ததால் வைத்த பேர், அவ்வளவுதான். மற்றபடி கடப்புறத்தில் அவளைப்போலச் சிரிக்க ஆள் கிடையாது, அவள் நெத்திலி காயப்போடும் இடத்தில் சிரித்தால் ஆறு கடலில் சேருகிற பொழிக்கு அந்தக் கரையில் இருக்கிற அடுத்த ஊர்க்காரன் என்ன விசேசம் என்று எட்டிப் பார்ப்பான். புருசன் ததேயுஸ் கொச்சியிலிருந்து ஆழ்கடல் போட்டில் போகிறவன், நாற்பது நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, மூன்று நாள் தூங்கி, நாலாவது நாள் பையைத் தூக்கிவிடுவான். இருந்த ஒரே பிள்ளை பவுலின். அது நாலு வயசில் நடந்தது, ஏழு வயசில் அம்மா என்றது, பதினொரு வயசாகியும் குளித்து முடித்தால் ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். வியாகுலம் வந்து சட்டையை மாட்டி, பட்டனைப் போட்டு, தலையைச் சீவி, கன்னத்தைக் கிள்ளி விட்டால்தான் அந்த இடத்தை விட்டு நகரும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருசம் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, டீச்சர் நல்ல மனசோடுதான் சொன்னாள், மடத்துச் சிஸ்டர்மார் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள், அங்கே கொண்டுபோ என்று. அந்தப் பள்ளிக்குப் பொறுப்பு கொன்சலாத்தா சிஸ்டர். கொன்சலாத்தா என்றால் ஆறுதல் தருகிறவள். பேர் ஆறுதல், குணம் காந்தாரி மிளகாய். குள்ளம், வேக நடை, மீன் லாரிக்காரனையே ரோட்டில் நிறுத்திவைத்து ஹாரன் அடித்ததற்காகக் காதைத் திருகாத குறையாகத் திட்டியவர். சேர்க்கிற அன்றைக்கு ஒவ்வொரு தாயிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"உன் பிள்ளை இங்க என்ன படிக்கணும்?"

பேர் எழுதப் படிக்கணும், பைபிள் வாசிக்கப் படிக்கணும், பாட்டுப் பாடணும் என்று மற்ற தாய்மார் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வியாகுலத்தின் முறை வந்தபோது அவள் வழக்கம்போலச் சிரித்தாள்.

"சட்டை போடப் படிச்சாப் போதும் சிஸ்டர்."

"அம்புட்டுதானா?"

"நான் உள்ள காலம் வரைக்கும் நான் போட்டுக் குடுப்பேன். நான் செத்து, என்னையப் பெட்டியில வைக்கிற அன்னைக்கு, இவ குளிச்சிட்டு வந்து யாருக்க முன்னால கைய நீட்டிக்கிட்டு நிப்பா? அத நெனச்சா எனக்குச் சாகவே பயமா இருக்கு சிஸ்டர்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. யாரையும் எதற்கும் திட்டுகிற சிஸ்டர் அன்றைக்குத் திட்டவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 'பவுலின். சட்டை. ஐந்து பட்டன்' என்று எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் பாடத்தைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பார்கள். மேலே இருக்கிற நாலு பட்டனையும் சிஸ்டரே போட்டுவிட்டு, ஆகக் கீழே இருக்கிற ஒன்றை மட்டும் பிள்ளைக்கு விட்டுவைப்பார். அதைப் போட்டதும் சட்டை முடிந்துவிடும், முடித்தது நான்தான் என்று பிள்ளைக்கு ஒரு பெருமை வரும், அந்தப் பெருமை ருசித்த பிறகு ரெண்டு பட்டன், பிறகு மூன்று. அதோடு கொன்சலாத்தா சிஸ்டர் இன்னொரு வேலையும் செய்தார். சிலுவை அடையாளத்தைப் பட்டன் மேலேயே வைத்தார். கழுத்துப் பட்டன் தந்தை, அடுத்தது மகன், அதற்கடுத்தது தூய ஆவியின், நாலாவது பெயராலே, கடைசிப் பட்டன் ஆமென். கையும் செபமும் சேர்ந்து போகட்டும், ஒன்று மறந்தால் இன்னொன்று இழுத்துவரும் என்றார். அதனால் பவுலின் முதன்முதல் படித்த பாடம் ஆமென் ஆகிப்போனது. சோறு தின்று முடித்தால் ஆமென், பஸ் வந்து நின்றால் ஆமென், மூக்குச் சிந்தினால்கூட ஆமென். வீட்டுப்பாடம் என்னவென்றால், தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு, ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால செப மணி அடிக்கிறதற்கு முன்னால், வீட்டு முற்றத்தில் கடலைப் பார்த்து நின்று அந்தச் சட்டையைப் போடவேண்டும்.

முதல் மூன்று வாரம் யாரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. ஒரு பட்டனுக்கு அஞ்சு நிமிடம் சூரியன் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ரெண்டு பட்டனுக்குப் பதினைந்து நிமிடம். ஏதோ இன்றைக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது பட்டனுக்கு வந்தபோதுதான் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை மணியை அடித்து, உள்ளே கூட்டிப் பெருக்கிவிட்டு வெளியே வந்து பார்த்தார், மணி ஏழாகப் போகிறது, சூரியன் கடலுக்கு ஒரு சாண் மேலே ஆணி அடித்தாற்போல நிற்கிறது. கைக்கடிகாரத்தை உதறிப் பார்த்தார். பொழிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் அடுத்த ஊரில் விளக்குப் போட்டு, கொசுவர்த்தி கொளுத்தி, நாயெல்லாம் படுத்துவிட்டது. இந்தப் பக்கம் கோழி அடையாமல் முழித்துக்கொண்டு நிற்கிறது.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் புஷ்பம். அவளுக்கு வேலையே வேலிக்கு மேலே பார்ப்பதுதான்.

"ஏட்டி வியாகுலம், நான் ஒண்ணு சொல்லட்டா? உனக்க மக பட்டனைக் கையில வச்சிருந்தா சூரியன் அசையல. பட்டன் காஜாக்குள்ள போச்சுன்னா ஒரு விரக்கடை இறங்குது. நீ வேணும்னா பாரு."

பார்த்தார்கள். வேலியைச் சுற்றிப் பத்துப் பேர், பிறகு ஐம்பது பேர், நின்று பார்த்தார்கள். பவுலின் நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பட்டனைக் காஜாவின் வாயருகே கொண்டுபோய், நழுவவிட்டு, திரும்பப் பிடித்து, திரும்ப நழுவவிட்டு, கடைசியில் உள்ளே தள்ளி ஆமென் என்றது. சூரியன் இவ்வளவு நேரம் நின்ற கடனைத் தீர்ப்பதுபோலச் சடாரென்று கடலுக்குள் போனது. ஒருத்தரும் மயங்கி விழவில்லை. கடல்புறத்து ஆளுக்கு அதிசயம் ஒன்றும் புதிதில்லை, நாலு பேர் போன வள்ளம் அஞ்சு பேரோடு திரும்பிவந்த கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். இதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி.

செய்வதற்கா பஞ்சம்? கருவாடு போடுகிற பெண்கள் இன்னும் ஒரு பாய் கூடுதலாக விரித்தார்கள். கிழிந்த வலையைப் பொத்துகிற ஆண்கள் கண்ணாடி இல்லாமலே கண்ணி பிடித்தார்கள். பொழிக்கு அந்தக் கரைப் பையன்கள் தங்கள் ஊரில் இருட்டிவிட்டது என்று நீந்தி வந்து இங்கே பந்து விளையாடிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு இருட்டுக்குள் திரும்பிப் போனார்கள். விளக்கு வைத்த பிறகுதான் குடிப்பேன் என்று மாதா மேலே சத்தியம் செய்திருந்த சிலுவைப்பிச்சை மட்டும் வியாகுலத்தின் வேலியோரம் வந்து நின்று, 'போடு மக்களே, நல்ல பிள்ளையில்லா, சட்டுனு போடு' என்று கெஞ்சுவார். பங்குச்சாமியார் இஞ்ஞாசி ஃபாதர் ரெண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, கோயில் அறிவிப்புப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் திருத்தி எழுதினார்: மாலைத் திருப்பலி, பவுலின் சட்டை போட்டு முடித்து அரை மணி நேரம் கழித்து.

நாலு பட்டனுக்கு வந்தபோது ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம் பகல் கூடுதலாகக் கிடைத்தது, பேராசையும் கூடவே வந்தது. அதுவரை பவுலினை வழியில் பார்த்தால் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டியவர்களெல்லாம் இப்போது முறுக்கும் கடலைமிட்டாயுமாக வந்து, மெள்ளப் போடணும் என்ன, அவசரமே இல்லை என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர்ப் பந்து கிளப் இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், டெய்லர் மிக்கேல்பிச்சையிடம் சொல்லி ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்தது. மல்லி விதை அளவுக்குப் பட்டன், பன்னிரண்டு, காஜா ஊசி நுழையாத இறுக்கம். கிளப்புத் தலைவன் அதைப் பரிசு என்று நீட்டினான்.

விசயம் கேள்விப்பட்ட கொன்சலாத்தா சிஸ்டர் மடத்திலிருந்து நடந்து வரவில்லை, பறந்து வந்தார்.

"உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல? ஒரு பிள்ளை படிக்கப் போவுது, ஊரே சேந்து அது படிக்கக் கூடாதுன்னு மிட்டாய் குடுக்குது! உங்க பிள்ளைங்க பத்தாம் கிளாஸில தோத்தா நான் வந்து லட்டு குடுக்கட்டா?"

"இல்ல சிஸ்டர், ஒரு மேட்ச்..." என்று இழுத்தான் தலைவன்.

"மேட்ச்! லைட்டு போட்டு விளையாடு. இல்ல, காலையில எந்திரிச்சு விளையாடு. நீ காலையில எந்திரிச்சதுண்டா? அதுக்கும் ஒரு அதிசயம் வேணும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பன்னிரண்டு பட்டன் சட்டையை சிஸ்டர் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். டெய்லர் மிக்கேல்பிச்சைக்கு முகம் செத்துப்போனது. நாற்பது வருசமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானச் சட்டையிலிருந்து கல்யாணச் சட்டை வரை தைத்த கை, ஒரு பிள்ளையை ஏமாற்றத் தைத்துவிட்டதே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரை சிஸ்டர் விரட்டிவிட்டார். ஆனால் தப்பு நடந்தது ஊரால் இல்லை, வியாகுலத்தால். அதைச் சொல்லாமல் கதை போகாது.

ஐப்பசி மாசம், நெத்திலி அள்ள அள்ளக் குறையாமல் வந்த வாரம். மூன்று நாள் மூட்டம் போட்டு வெயிலே காட்டாமல், நாலாவது நாள் சாயங்காலம்தான் மேகம் விலகியது. பாயில் கிடந்த மீன் பாதி காய்ந்தும் பாதி காயாமலும் ஒரு மாதிரி வாடை எடுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ரெண்டு மணி நேர வெயில் கிடைத்தால் தப்பிக்கும், இல்லையென்றால் குழி வெட்டிப் புதைக்கவேண்டியதுதான். பவுலின் குளித்துவிட்டு வந்து முற்றத்தில் நின்று கழுத்துப் பட்டனைத் தாய் போட்டு முடித்ததும் ரெண்டாவதைக் கையில் எடுத்தது. வியாகுலம் ஒருமுறை பாயைப் பார்த்தாள், ஒருமுறை சூரியனைப் பார்த்தாள்.

"மெள்ளப் போடு மக்களே," என்றாள். "மெள்ள... இன்னும் மெள்ள. எனக்க தங்கமில்லா." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பவுலினுக்கு உலகத்திலேயே பிடித்தது அந்தச் சிரிப்பு. அது போட்ட பட்டனைக் கழற்றியது. அம்மா சிரித்தாள். திரும்பப் போட்டு, திரும்பக் கழற்றியது. அம்மா இன்னும் சிரித்தாள். சூரியன் எட்டரை மணி வரைக்கும் நின்றது, நெத்திலி கண்ணாடித் துண்டாகக் காய்ந்தது, வியாகுலம் கூடை கூடையாக அள்ளி வைத்தாள்.

மறுநாள் மெள்ளப் போடு என்று அவள் சொல்லவில்லை. பிள்ளை தானாகவே ஒரு பட்டனைப் போட்டுக் கழற்றிவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்தது. அதற்கடுத்த நாள் ஒரு பட்டனையும் தொடவில்லை. ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பழையபடி, சிரித்த முகமாக நின்றது. வியாகுலம் அஞ்சு பட்டனையும் போட்டுவிட்டாள். சூரியன் தன் நேரத்துக்குப் போய்விட்டது. என்ன வியாகுலம், இன்னைக்கு சீக்கிரமே இருட்டிட்டே என்று கேட்டு வந்தவர்களுக்குக் கதவைத் திறக்காமல், உள்ளே உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

விடிந்ததும் மடத்து வாசலில் போய் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். சிஸ்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அன்றைக்குக் கோடு போட்ட பக்கத்தைத் திறந்தார்.

"ஊரை விரட்ட எனக்குத் தெரியும் வியாகுலம். உன்னை எப்பிடி விரட்டுறது?"

"எனக்கு மன்னிப்பு உண்டா சிஸ்டர்?"

"மன்னிப்பு ஃபாதர்கிட்ட போய் வாங்கு. எங்கிட்ட தண்டனைதான் உண்டு. ஆமென்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்கிறோம். பிள்ளை சட்டை போடும்போது உன் முகம் கல்லு மாதிரி இருக்கணும். ஒரு சிரிப்பு வரக் கூடாது. கடைசிப் பட்டன் போட்ட பிறகு, நீ ஊரு கேக்கச் சிரி."

கடப்புறத்தின் பெரிய சிரிப்புக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தக் குருவானவரும் கொடுத்ததில்லை. பவுலின் பட்டனை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கும், பட்டனோடு பேசும், காஜாவுக்குள் விரலை விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். வியாகுலம் உதட்டைக் கடித்துக்கொண்டு, மரத்தைப் போல நிற்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். ஆமென் என்ற சத்தம் வந்ததும் இத்தனை நேரம் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வெடிக்கும், கடப்புறம் முழுக்கக் கேட்கும், ஓ, இருட்டப் போகுது என்று ஆட்கள் பாயைச் சுருட்டுவார்கள்.

அப்படியே தை பிறந்தது, மாசி போனது, பங்குனியில் பவுலின் கழுத்துப் பட்டனையும் பிடித்துவிட்டது. தந்தை முதல் ஆமென் வரை அஞ்சும் அதன் கை. முதலில் ஒன்றரை மணி நேரம், பிறகு ஒரு மணி, பிறகு அரை மணி, பிறகு கால் மணி. பிள்ளை கெட்டிக்காரி ஆக ஆக ஊருக்கு வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்று ஊருக்குத் தெரியவில்லை. பந்து கிளப்பு வசூல் பண்ணி ரெண்டு லைட்டுக் கம்பம் நட்டது, சிலுவைப்பிச்சை மட்டும் பவுலினுக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தார்.

சித்திரைத் திருவிழாவின் ஒன்பதாம் நாள் மாலைத் திருப்பலியில் மடத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேருக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாகத் திருப்பலி அப்பம், கொடுப்பதாகத் தீர்மானமானது. இஞ்ஞாசி ஃபாதருக்கு முதலில் தயக்கம்.

"சிஸ்டர், இந்தப் பிள்ளைங்களுக்கு அந்த அப்பம் என்னன்னு புரியுமா?"

"இது பிஸ்கட் இல்லன்னு தெரியும் ஃபாதர். அதுக்கு மேல உங்களுக்கும் எனக்கும் என்ன புரிஞ்சிருக்கு?"

ஃபாதர் மோவாயைத் தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பவுலினின் புதுநன்மைச் சட்டையை நான்தான் தைப்பேன், காசு வாங்கமாட்டேன் என்று டெய்லர் மிக்கேல்பிச்சை வந்து நின்றார். அந்தப் பன்னிரண்டு பட்டன் பாவத்தைக் கழுவ வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சாட்டின், கைக்கு லேஸ், இடுப்புக்கு ஒரு முழ அகலத்தில் ரிப்பன். பட்டன் மட்டும் நாலு கடை ஏறி இறங்கித் தேடினார். முத்துப்போல வெள்ளையாக, பிள்ளையின் விரலுக்கு வழுக்காமல், சரியாக ஐந்து. காஜாவைப் பெரிதாக, தாராளமாக எடுத்தார். திருவிழா அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு, இஸ்திரிச் சூடு ஆறாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்றார், பிள்ளை போடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று.

பவுலின் குளித்துவிட்டு வந்து, சட்டைக்குள் தலையை விட்டு, கைகளை நுழைத்து, குனிந்து நெஞ்சைப் பார்த்தது. பட்டனைக் காணோம். வயிற்றைத் தடவிப் பார்த்தது. இல்லை. வியாகுலம் பிள்ளையைத் திருப்பினாள். ஐந்து முத்துப் பட்டனும் முதுகில் வரிசையாக இருந்தது.

"அட பாவி மனுசா!" என்றாள் புஷ்பம்.

மிக்கேல்பிச்சை ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "நாப்பது வருசமா புதுநன்மைச் சட்டைக்கு முதுகிலதான் பட்டன் வைக்கிறேன்... எல்லா பிள்ளைக்கும் தாய்தானே போட்டுக் குடுப்பா... கை அதுபாட்டுக்கு வச்சிட்டே! நான் எண்ணிக்கையப் பாத்தேன், இடத்தைப் பாக்கலயே!"

ஒரு வருசமாக ஊரே மூச்சுவிட்டால் பட்டன், வாயைத் திறந்தால் பட்டன் என்று இருந்திருக்கிறது. புதுநன்மைச் சட்டைக்கு முதுகில் பட்டன் வரும் என்பது சிஸ்டர் உட்பட ஒருத்தர் புத்தியிலும் உதிக்கவில்லை. பவுலின் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தேடியது. சூரியன் நின்றுவிட்டது.

ஆறரை ஆனது, ஏழானது. வருசம் முழுக்க இருட்டாதே இருட்டாதே என்று வேண்டிக்கொண்ட ஊருக்கு அன்றைக்குத்தான் இருட்டு வேண்டும். கோயில் முழுக்கச் சீரியல் லைட்டு போட்டிருக்கிறது, அந்தி வெயிலில் ஒரு பல்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, வாணவேடிக்கைக்காரன் அதிர்வேட்டை அடுக்கி வைத்துவிட்டுப் பீடி பிடிக்கிறான், சப்பரத்தில் ஊர்ப் பாதுகாவலர் தொம்மையார் வியர்த்துப்போய் நிற்கிறார். கமிட்டிக்காரர்கள் கூட்டமாக வேலிக்கு வந்துவிட்டார்கள்.

"வியாகுலம், ஒரு நிமிசக் காரியம். நீ போட்டு விட்டுரு!"

"எக்கா, போட்டுக் குடுக்கா! விருந்துக் குருவானவர் வந்து உக்காந்தாச்சு!"

வியாகுலத்தின் கை தவித்தது. பதினொரு வருசமாகப் பழகிய கை, தன்னால் எழுந்து பிள்ளையின் முதுகுக்குப் போகப் பார்த்தது. அவள் அந்த ரெண்டு கையையும் பிடித்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்போதுதான் கொன்சலாத்தா சிஸ்டர் மூச்சு வாங்க வந்துசேர்ந்தார். முதுகைப் பார்த்தார், மிக்கேல்பிச்சையைப் பார்த்தார், நெற்றியில் ஓர் அறை அறைந்துகொண்டார்.

"முதுகுப் பட்டனை எந்தப் பிள்ளையும் தானாப் போட முடியாது வியாகுலம். இன்னைக்கு மட்டும் நான் போட்டு விடுறேன். இதில தப்பில்ல," என்று கையை நீட்டினார்.

வியாகுலம் குறுக்கே வந்து மறித்தாள்.

"வேண்டாம் சிஸ்டர். நான் கெஞ்சிக் கேக்கேன், தொடாதீங்க. இன்னைக்கு நீங்க போட்டா, நான் செத்த அன்னைக்கு யாரு போடுவா?"

சிஸ்டரை எதிர்த்து அதுவரை யாரும் பேசியதில்லை. சிஸ்டர் கையை இறக்கிக்கொண்டார். எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

பவுலின் முதுகில் தேடுவதை நிறுத்தியது. பிறகு ஒரு கையை உருவியது. மறு கையை உருவியது. சட்டையைத் தலை வழியாகக் கழற்றித் தரையில் போட்டு, உள்சட்டையோடு உட்கார்ந்து, ஒரு மீனைப் புரட்டுவதுபோல அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரட்டியது. 'ஐயோ, மண்ணு படும்' என்று வாயெடுத்த மிக்கேல்பிச்சையின் காலைப் புஷ்பம் மிதித்தாள். பிள்ளை எழுந்து, சட்டையைத் திருப்பிப் பிடித்து, முதுகை முன்னால் வைத்து, கைகளை நுழைத்தது. குனிந்து பார்த்தது. நெஞ்சில் ஐந்து முத்துப் பட்டன், வரிசையாக, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"தந்தை," என்றது பவுலின்.

பட்டன் உள்ளே போனது. சூரியன் ஒரு விரக்கடை இறங்கியது. மகன். தூய ஆவியின். சட்டை மாறிக் கிடந்ததால் பட்டனும் காஜாவும் இடம் வலம் மாறியிருந்தன, ஒவ்வொன்றுக்கும் கை தடுமாறியது, ஆனால் விடவில்லை. பெயராலே. கடைசிப் பட்டனைக் காஜாவின் வாயில் வைத்துக்கொண்டு அது தாயைத் திரும்பிப் பார்க்கும் என்று வியாகுலம் முகத்தைக் கல்லாக வைத்திருந்தாள். அது பார்க்கவில்லை. தன் வயிற்றை மட்டும் பார்த்து, உள்ளே தள்ளி, ஆமென் என்று சொல்லிவிட்டு, பூக்கிரீடத்தை எடுத்துக் கோணலாக மாட்டிக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, முழ அகல ரிப்பன் வயிற்றில் முடிச்சாகத் தொங்க, வாசலைத் தாண்டி, கமிட்டிக்காரர்களை விலக்கிக்கொண்டு, கோயிலைப் பார்த்து நடந்தது. சூரியன் விழுந்தது. கோயில் முழுக்க விளக்கு குப்பென்று பூத்தது, அதிர்வேட்டு வெடித்தது, ஊரே ஓவென்று கத்திக்கொண்டு பிள்ளையின் பின்னால் ஓடியது, சிஸ்டர் ஓடினார், மிக்கேல்பிச்சை அழுதுகொண்டே ஓடினார். அடுத்த வருசத்திலிருந்து தொம்மையார்துறையில் எந்தப் பிள்ளைக்கும் அவர் முதுகில் பட்டன் வைக்கவில்லை, வெளியூர்க்காரர்கள் வந்து இதென்ன, புதுநன்மைப் பிள்ளைகளுக்கெல்லாம் ரிப்பன் வயிற்றில் தொங்குகிறது என்று கேட்டால், எங்க ஊர் வழக்கம் அப்படித்தான் என்று சொல்லி அளவெடுக்கப் போய்விடுவார்.

முற்றத்தில் வியாகுலம் மட்டும் நின்றாள். கக்கத்திலிருந்து கையை எடுத்தாள். அந்த ரெண்டு கையையும் இனி எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் நீட்டிப் பார்த்தாள், இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது, அதையும் அடக்கவில்லை.

வழியில் போய்க்கொண்டிருந்த புஷ்பம் அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பிக் கத்தினாள்.

"ஏட்டி, என்ன அங்க நின்னு சிரிக்கிற? பூசைக்கு வரலியா? உனக்க மக கோயில் வாசல் ஏறிட்டா!"

வியாகுலம் தன்னைக் குனிந்து பார்த்தாள். காலையில் மீன் அள்ளும்போது கட்டிய சீலை, முழங்கை வரைக்கும் செதில், தலையில் எண்ணெய் இல்லை, திருவிழாவுக்கென்று எடுத்த சீலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது.

"நீ போ, ஏட்டி!" என்று கத்தினாள். "நான்தான் இன்னும் உடுக்கல!"

வீட்டுக்குள் ஓடினாள். அவளுக்காக வெளிச்சம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இருட்டுக்குள்ளே பெட்டியைத் தடவித் திறந்து, சிரித்துக்கொண்டே, தன் ரவிக்கையின் கொக்கியை ஒவ்வொன்றாகத் தேடிப் போட ஆரம்பித்தாள்.